முக்கால் மில்லிமீட்டர் வித்தியாசம்: வீட்டு ஃபர்னஸைப் புரொப்பேனுக்கு மாற்றுவது பற்றி

போன வருடம் நவம்பர் கடைசியில் நண்பர் ஒருவரின் வீட்டு பேஸ்மென்ட்டில் நின்றுகொண்டிருந்தேன். டொராண்டோவின் ஸ்காபரோவில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஒன்ராறியோவின் லிண்ட்சேக்கு வடக்கே கொஞ்சம் நிலத்தோடு ஒரு பழைய வீடு வாங்கிக்கொண்டு போனவர். வீடு பழையது, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மட்டும் புதிது. முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தார். வந்திருந்த கேஸ் டெக்னீஷியன் ஃபர்னஸின் கதவைக் கழற்றி, பர்னருக்கு முன்னால் திருகியிருந்த, வாயு வெளிவரும் பித்தளை ஜெட் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கத்தில் தன் பையிலிருந்து புதிய ஜெட் ஒன்றையும் வைத்தார். இரண்டும் சுண்டுவிரல் நகம் அளவுதான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தால் பழையதன் துளை பளிச்சென்று தெரிந்தது. புதியதில் ஒரு தையல் ஊசி நுழையும், அவ்வளவுதான்.

"இது 45, இது 55. முதலாவது ரோட்டில பைப்பில வாற காஸுக்கு. உங்கட வீட்டில இருக்கிறது டாங்க்" என்றார்.

நண்பருக்கு நம்பிக்கை வரவில்லை. "ரெண்டு மாசமா எரியுதுதானே தம்பி? ஸ்காபரோ வீட்டைவிட கெதியா சூடாகுது."

"கெதியா சூடாகுது எண்டதுதான் அண்ணை பிரச்சினை."

அவர் டார்ச்சை அடித்துக் காட்டிய இடத்தில், பர்னருக்குப் பின்னால் இருந்த உலோகக் குழாய்களின் வாயில் கரி படிந்திருந்தது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய, மென்மையான கரி. இரண்டு மாதத்தில் அவ்வளவு. மேலே படுக்கையறையில் இரண்டு பிள்ளைகள் தூங்குகிற வீடு அது. கெதியாக, அதாவது சீக்கிரமாகச் சூடாவது ஏன் பிரச்சினை என்று அன்று அவர் சொன்னதையும், பிறகு நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்ததையும் இங்கே விளக்கமாக எழுதுகிறேன். நகரத்துக்கு வெளியே வீடு வாங்கும் நம்மவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். கிணறு, செப்டிக் டாங்க் பற்றியெல்லாம் விசாரிக்கிறார்கள். ஃபர்னஸ் எந்த வாயுவுக்கு அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஒரே ஃபர்னஸ், இரண்டு வாயுக்கள்

வட அமெரிக்காவில் விற்கப்படும் வீட்டு கேஸ் ஃபர்னஸ்களில் பெரும்பாலானவை தொழிற்சாலையிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு அமைக்கப்பட்டே வருகின்றன. டொராண்டோ, மார்க்கம், பிராம்ப்டன் போன்ற நகரங்களில் தெருவுக்கு அடியில் எரிவாயுக் குழாய் ஓடுகிறது, அதனால் அங்கே எதுவும் மாற்ற வேண்டியதில்லை. குழாய் எட்டாத ஊர்களில் முற்றத்தில் ஒரு வெள்ளை டாங்க் நிற்கும். லாரி வந்து புரொப்பேனை நிரப்பிவிட்டுப் போகும். ஃபர்னஸ் அதே மாடல்தான். உள்ளே சில சின்னப் பாகங்களை மாற்றுவதற்கு, அந்த மாடலுக்கென்றே உற்பத்தியாளர் விற்கும் ஒரு கிட் உண்டு.

ஏன் மாற்ற வேண்டும் என்றால், இரண்டும் எரிகிற வாயு என்பதைத் தவிர அவற்றுக்குள் ஒற்றுமை குறைவு. இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். காற்றைவிட லேசானது, காற்றின் எடை 1 என்றால் அதன் எடை சுமார் 0.6. ஒரு கன அடி எரிந்தால் கிட்டத்தட்ட 1,030 பி.டி.யு. (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பம் தரும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, சுமார் 1.52. ஒரு கன அடிக்கு 2,500 பி.டி.யு. தரும். அதாவது அதே கொள்ளளவில் ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம். அது முழுதாக எரியக் காற்றும் அதற்கேற்ப அதிகம் வேண்டும். ஒரு கன அடி மீத்தேனுக்குச் சுமார் 10 கன அடி காற்று போதும், புரொப்பேனுக்கு 24.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ சிலிண்டர் அடுப்பில் சமைத்துப் பழகியவர்களுக்குப் புரொப்பேன் அந்நியமானதில்லை. இந்தியச் சமையல் கேஸ் என்பது பியூட்டேனும் புரொப்பேனும் கலந்தது. சென்னையில் இப்போது சில இடங்களில் குழாய்வழி இயற்கை எரிவாயு வரத் தொடங்கியிருக்கிறது. இணைப்புக் கொடுக்க வருபவர் அடுப்பின் ஜெட்டைப் பெரிய துளையுள்ளதாக மாற்றுவார். லிண்ட்சே வீட்டில் நடக்க வேண்டியது அதற்கு நேர் எதிரானது. ஆனால் சென்னை சிலிண்டரை அப்படியே ஒன்ராறியோவுக்குக் கொண்டுவந்து வைக்க முடியாது. பியூட்டேன் தண்ணீரின் உறைநிலைக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும். ஜனவரி இரவில் அது டாங்கின் அடியில் திரவமாகவே கிடக்கும், குழாய்க்கு வராது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கும். இங்கே கிட்டத்தட்ட முழுவதும் புரொப்பேனாகப் பார்த்து விற்பதற்குக் காரணம் இதுதான்.

துளையின் கணக்கு

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்கலாம், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

ஒரு ஜெட்டின் துளை வழியே எவ்வளவு வாயு வெளியேறும் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: துளையின் பரப்பு, பின்னாலிருந்து தள்ளும் அழுத்தம், வாயுவின் எடை. பரப்பு இரட்டித்தால் வாயுவும் இரட்டிக்கும். அழுத்தம் அப்படியில்லை. அது நான்கு மடங்கானால்தான் வாயு இரண்டு மடங்காகும். எடையும் அதே போலத்தான், ஆனால் தலைகீழாக: நான்கு மடங்கு கனமான வாயு பாதி அளவே வெளியேறும்.

ஃபர்னஸில் அழுத்தத்தை "நீர் அங்குலம்" என்ற அளவில் சொல்வார்கள். யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊற்றி ஒரு முனையில் வாயுவைச் செலுத்தினால், இந்தப் பக்கத்தைவிட மறுபக்கத் தண்ணீர் எத்தனை அங்குலம் உயர்ந்து நிற்கிறதோ அதுதான் அழுத்தம். மிகச் சிறிய அழுத்தம் இது, வாயால் ஊதியே இதைவிட அதிகம் தர முடியும். இயற்கை எரிவாயுவுக்கு ஜெட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டியது வழக்கமாக 3.5 அங்குலம். புரொப்பேனுக்கு 10 அங்குலம் அளவில். நம் ஊர் சிலிண்டர் ரெகுலேட்டர் தருவதும் இதற்கு நெருங்கியதுதான், 300 மில்லிமீட்டர் நீர், அதாவது 12 அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு.

சரி, இப்போது கணக்கு. அழுத்தம் 3.5-இலிருந்து 10-க்கு ஏறும்போது, வெளியேறும் வாயு 1.69 மடங்காகிறது. ஆனால் புரொப்பேன் கனமானது என்பதால் அதே வாயு 1.59-இல் ஒரு பங்காகக் குறைகிறது. ஒன்றை ஒன்று கிட்டத்தட்ட அடித்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது ஒரு கன அடிக்கு இரண்டரை மடங்கு வெப்பம் என்ற உண்மை மட்டும். அதை ஈடுகட்டும் பொறுப்பு முழுவதும் துளையின் தலையில் விழுகிறது.

45 என்பதும் 55 என்பதும் துளையிடும் பிட்டின் எண்கள். எண் கூடக்கூடத் துளை சிறிது. 45-இன் விட்டம் 2.08 மில்லிமீட்டர். 55-இன் விட்டம் 1.32. வித்தியாசம் முக்கால் மில்லிமீட்டர்தான். ஆனால் பரப்பைக் கணக்கிட்டால் சிறியது பெரியதில் 40 சதவீதமே. இரண்டரை மடங்கு வெப்பமுள்ள வாயுவை 40 சதவீதத் துளை வழியே விட்டால் பழைய வெப்பமே திரும்பக் கிடைக்கும். நான் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது வித்தியாசம் 4 சதவீதத்துக்குள் வந்து நின்றது. இந்த வேலையைச் செய்து வைத்த பொறியாளர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது அன்றுதான்.

அழுத்தமும் எடையும் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன என்றால் அழுத்தத்தை ஏன் ஏற்ற வேண்டும், துளையை மட்டும் அதற்கேற்ற அளவில் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நல்ல கேள்வி. ஜெட்டிலிருந்து பீய்ச்சும் வாயுதான் பக்கத்துக் காற்றை இழுத்துக்கொண்டு பர்னருக்குள் போகிறது. புரொப்பேனுக்கு 24 பங்கு காற்று வேண்டும் என்று பார்த்தோம். மெதுவாகக் கசியும் வாயுவால் அவ்வளவு காற்றை இழுக்க முடியாது, வேகமாகப் பாய வேண்டும். 10 அங்குலம் அதற்காகத்தான்.

பாதி செய்த வேலை

கிட்டில் முக்கியமாக இருப்பவை இவை: பர்னருக்கு ஒன்றாகப் புதிய ஜெட்டுகள், கேஸ் வால்வுக்குள் இருக்கும் அழுத்தச் சீராக்கிக்கு வேறு ஸ்பிரிங், ஃபர்னஸ் மாற்றப்பட்டது என்று எழுதி ஒட்டும் லேபிள்கள். சில மாடல்களில், டாங்க் தீர்ந்து அழுத்தம் விழுந்தால் ஃபர்னஸை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றும் வரும். ஜெட், ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து மாறினால்தான் மேலே போட்ட கணக்குச் சரிவரும். ஒன்றை விட்டால் என்ன ஆகும் என்பதையும் அதே கணக்கே சொல்லிவிடும்.

நண்பரின் வீட்டில் எதுவுமே மாற்றப்படவில்லை. 45 ஜெட்டும் 3.5 அங்குல ஸ்பிரிங்கும் அப்படியே இருக்க, உள்ளே வந்தது மட்டும் புரொப்பேன். அப்போது வெப்பம் ஒன்றரை மடங்கு. அவருடையது மணிக்கு 80,000 பி.டி.யு. ஃபர்னஸ், பர்னர் ஒன்றுக்கு 20,000 வீதம் நான்கு பர்னர். எரிந்துகொண்டிருந்தது 1,20,000-க்கும் மேலே. வீடு கெதியாகச் சூடாகாமல் என்ன செய்யும்?

ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஜெட்டை விட்டிருந்தால் இன்னும் மோசம். இரண்டரை மடங்கைத் தாண்டும், 80,000 ஃபர்னஸில் இரண்டு லட்சம். நான்கு ஜெட்டில் மூன்றை மாற்றி ஒன்றை மறந்தால், அந்த ஒரு பர்னர் மட்டும் இரண்டரை மடங்கு எரியும். ஃபர்னஸின் மொத்த வெப்பத்தை வெளியிலிருந்து பார்த்தால் எந்த பர்னர் என்று தெரியாது.

ஜெட்டை மாற்றி ஸ்பிரிங்கை விட்டால் எதிர்த்திசையில் போகும். வெப்பம் 60 சதவீதமாகக் குறையும். வீடு சூடாகாது, சுடர் மந்தமாக இருக்கும், பற்றுவது தாமதமாகும். தாமதம் என்றால் சில வினாடிகள் வாயு சேர்ந்து பிறகு ஒரேயடியாகப் பிடிக்கும், பேஸ்மென்ட்டிலிருந்து "டப்" என்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் அடுத்த நாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

அதிகமாக எரியும் தவறுகளிடம் ஒரு கெட்ட குணம் இருக்கிறது. குறைவாக எரியும் ஃபர்னஸ் வீட்டைக் குளிர வைக்கும், வீட்டுக்காரர் உடனே யாரையாவது கூப்பிடுவார். அதிகமாக எரியும் ஃபர்னஸ் அவரைத் திருப்திப்படுத்தும். தெர்மோஸ்டாட் சொன்ன சூடு வரும், சீக்கிரமாகவே வரும். உள்ளே நடப்பது வேறு. புகையை வெளியே தள்ளும் சின்ன விசிறி 80,000 பி.டி.யு.வுக்கான காற்றைத்தான் இழுக்கும். மிச்சப் புரொப்பேனுக்கு எரியக் காற்றில்லை. சரியாக எரியாத கார்பனில் ஒரு பகுதி கரியாகப் படியும், இன்னொரு பகுதி கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவாகும். கரி படியப் படிய குழாய் குறுகி, இழுக்கும் காற்று இன்னும் குறையும். அதனால் கரி இன்னும் கூடும். நேற்றைவிட இன்று கொஞ்சம் மோசம் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அந்தக் குழாய்களைத்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்கிறார்கள். உள்ளே நெருப்பும் புகையும், வெளியே நாம் சுவாசிக்கிற காற்று. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடு. ஒன்றரை மடங்கு சூட்டை அது நெடுநாள் தாங்கும்படி செய்யப்பட்டதில்லை. அதில் விரிசல் விட்டால் இரண்டு பக்கமும் கலந்துவிடும்.

அளக்காமல் முடியாத வேலை

டெக்னீஷியன் முதலில் ஃபர்னஸை நிறுத்தி, கேஸைப் பூட்டி, சிவப்பு அட்டை ஒன்றை எழுதிக் கட்டினார். ஒன்ராறியோவில் உடனடி ஆபத்து என்று தெரிந்தால் அப்படித்தான் செய்ய வேண்டும், சரி செய்யும் வரை அதை யாரும் போடக்கூடாது. கரியைச் சுத்தம் செய்து, ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இல்லை என்று பார்த்து முடிக்கவே அரை நாள் போனது. அந்த மாடலுக்கான கிட் அதிர்ஷ்டவசமாக வண்டியில் இருந்தது.

ஜெட்டுகளை மாற்றி, ஸ்பிரிங்கை மாற்ற அவருக்கு எடுத்தது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. அதன் பிறகு அவர் செய்ததுதான் நீளமான வேலை. கேஸ் வால்வின் ஓரத்தில் இருக்கும் சோதனைத் துளையைத் திறந்து, ரப்பர் குழாய் சொருகி, அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரை இணைத்தார். ஃபர்னஸ் பற்றிக்கொண்டது. திரையில் 8.6 என்று வந்தது. ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் திருகை ஒரு சுற்றில் கால் பங்கு திருப்பினார், 9.3. இன்னும் கொஞ்சம், 9.8. நிறுத்திவிட்டு மேலே போய் அடுப்பில் எல்லா பர்னரையும் எரியவிடச் சொன்னார். வீட்டில் மற்றதெல்லாம் ஓடும்போது ஃபர்னஸுக்கு வரும் அழுத்தம் விழுகிறதா என்று பார்க்க வேண்டுமாம். விழவில்லை. கடைசியில் சரியாக 10.0-இல் விட்டார்.

அடுத்தது வெப்ப ஏற்றம். ஃபர்னஸுக்குள் போகும் காற்றின் சூட்டையும் வெளிவரும் காற்றின் சூட்டையும் அளந்து கழித்தால் வருவது. இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்று ஃபர்னஸின் தகட்டிலேயே அச்சடித்திருக்கும். பிறகு புகைக்குழாயில் ஒரு கம்பியை நுழைத்து, புகையில் ஆக்சிஜன் எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று பார்த்தார். இந்தக் கடைசிச் சோதனையைச் செய்யாமல் போகிறவர்கள் உண்டு. சுடர் நீலமாக இருக்கிறது, போதும் என்பார்கள். நீலச் சுடர் நல்ல அடையாளம்தான், மஞ்சளாகச் சோம்பி எரிவது கெட்ட அடையாளம்தான். ஆனால் கண்ணால் கார்பன் மோனாக்சைடைப் பார்க்க முடியாது. இயற்கை எரிவாயுவாக இருந்தால் வீட்டு மீட்டர் எத்தனை வினாடியில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்று பார்த்தாவது எரியும் அளவைக் கண்டுபிடிக்கலாம். புரொப்பேன் வீட்டில் பெரும்பாலும் மீட்டரே இருக்காது. அதனால் அழுத்தத்தையும் புகையையும் அளப்பதை விட்டால் வேறு வழியில்லை.

எல்லாம் முடிந்து மானோமீட்டரைக் கழற்றி, சோதனைத் துளையை மூடி, சோப்பு நீர் தடவி குமிழ் வருகிறதா என்று பார்த்தார். அந்தத் துளையைச் சரியாக மூட மறப்பது, இந்த வேலையில் மனிதர்கள் செய்கிற எளிய தவறுகளில் ஒன்று. அவர் இரண்டு முறை பார்த்தார்.

இதையெல்லாம் சொல்வது யாரும் வீட்டில் செய்து பார்க்க அல்ல. ஒன்ராறியோவில் கேஸ் வேலையை டி.எஸ்.எஸ்.ஏ. என்ற அமைப்பின் சான்றிதழ் உள்ளவர்கள்தான் செய்யலாம். வீட்டு ஃபர்னஸுக்குக் குறைந்தது ஜி.2 சான்றிதழ் உள்ளவர் வேண்டும். ஜி.3 வைத்திருப்பவர் இன்னொருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வேலையின் விதிகள் சி.எஸ்.ஏ. பி149.1 என்ற தொகுப்பில் இருக்கின்றன. எங்கே இருந்தாலும் கிட் அந்த ஃபர்னஸின் உற்பத்தியாளர் அந்த மாடலுக்குச் சொன்னதாக இருக்க வேண்டும். "ஜெட்டை நானே துளைபோட்டுத் தருகிறேன்" என்று சொல்பவரை உள்ளேயே விடாதீர்கள். கையால் போட்ட துளையின் விளிம்பில் ஒரு சிறு பிசிறு இருந்தாலும் வாயு நேராகப் பாயாது, சுடர் சாய்ந்து தகட்டைச் சுடும்.

தரையோடு போகும் வாயு

இதுவரை எரிவதைப் பற்றி. எரியாமல் கசிந்தால் என்ன ஆகும் என்பதிலும் இரண்டு வாயுக்களும் வேறுபடுகின்றன, பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியது இங்கேதான்.

இயற்கை எரிவாயு கசிந்தால் மேலே ஏறும், இடுக்கு வழியே போய்விட வாய்ப்புண்டு. புரொப்பேன் தண்ணீர் போலத் தாழ்ந்த இடம் தேடி இறங்கும். பேஸ்மென்ட் தரையில், வடிகால் குழியில், படிக்கட்டின் அடியில் தேங்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றக்கூடியது. மீத்தேனுக்கு 5 சதவீதம் வேண்டும். ஒரு லிட்டர் திரவப் புரொப்பேன் வாயுவாக மாறினால் சுமார் 270 லிட்டர் ஆகும். எனவே சிறு கசிவு என்று ஒன்று இல்லை.

அதனால் புரொப்பேன் டிடெக்டரைத் தரைக்கு அருகில் வைக்க வேண்டும். நகரத்தில் இயற்கை எரிவாயுவுக்காகக் கூரைக்கு அருகில் வைத்துப் பழகியவர்கள் அதே டிடெக்டரைக் கொண்டுவந்து அதே உயரத்தில் மாட்டினால் பயனில்லை. கார்பன் மோனாக்சைடு அலாரம் இவை இரண்டிலிருந்தும் வேறானது. அது தூங்கும் அறைகளுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் இது சட்டம். 2008 டிசம்பரில் வுட்ஸ்டாக்கில், வீட்டு கேஸ் நெருப்பிடத்தின் புகைவழி அடைபட்டு, தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே இறந்துபோனது. அவர்கள் வீட்டில் அலாரம் இல்லை. அந்தக் குடும்பத்தின் பெயரால் ஹாக்கின்ஸ் ஜிக்னாக் சட்டம் 2013-இல் நிறைவேறியது. அடுத்த ஆண்டு அக்டோபரிலிருந்து வீடுகளில் அலாரம் கட்டாயமானது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. இரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, வாந்தி, சோர்வு என்று வரும்போது காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால், வெளியே போனதும் சரியானால், வீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புரொப்பேனுக்கு இயல்பில் வாசனை கிடையாது. அழுகிய முட்டை போன்ற அந்த நாற்றம் சேர்க்கப்பட்டது. புதிய டாங்கின் உள்பக்கத் துருவும், நிலத்தடிக் குழாயில் கசிந்தால் சுற்றியுள்ள மண்ணும் அந்த வாசனையை உறிஞ்சிவிடுவதுண்டு. வயதானவர்களுக்கு மோப்பம் குறையும். மூக்கை மட்டும் நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு இது போதும். நாற்றம் வந்தால் பேஸ்மென்ட்டுக்குள் இறங்கிப் பார்க்கப் போகாதீர்கள், வாயு இருப்பதே அங்கேதான். லைட் ஸ்விட்சைத் தொடாமல், எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியேறி, தூரத்தில் நின்று போன் செய்யுங்கள்.

ஃபர்னஸோடு முடியாது

வீட்டில் கேஸில் ஓடுவது ஃபர்னஸ் மட்டும் என்றால் இவ்வளவோடு முடிந்தது. அடுப்பு, துணி உலர்த்தி, நெருப்பிடம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிட் வேண்டும். தண்ணீர் ஹீட்டரில் கவனம் தேவை. தண்ணீர் டாங்க் வைத்த வீட்டு ஹீட்டர்களில் பலவற்றை மாற்றவே முடியாது, புரொப்பேனுக்கென்று செய்த ஹீட்டரை வாங்க வேண்டியிருக்கும். செலவைக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிட்டுப் பிறகு தவிப்பவர்கள் அதிகம்.

குழாயைப் பொறுத்தவரை இந்தத் திசையில் கவலை குறைவு. இயற்கை எரிவாயுவுக்குப் போட்ட குழாய் புரொப்பேனுக்குப் போதும், மிஞ்சியும் இருக்கும். ஊருக்குப் புதிதாகக் குழாய் வந்து, புரொப்பேனிலிருந்து இயற்கை எரிவாயுவுக்குத் திரும்பும்போதுதான் பழைய ஒல்லிக் குழாய் போதாமல் போகும்.

டாங்க் பக்கம் பார்த்தால், கோடையில் அதற்குள் 100 பி.எஸ்.ஐ.க்கும் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) மேலே அழுத்தம் இருக்கும். அதை முதல் ரெகுலேட்டர் 10 பி.எஸ்.ஐ.க்கும், வீட்டுச் சுவரருகே இருக்கும் இரண்டாவது ரெகுலேட்டர் 11 நீர் அங்குலத்துக்கும் இறக்கும். இந்த ரெகுலேட்டர்களின் மூச்சுத்துளை பனிக்கட்டியால் அடைபடக்கூடாது. கூரையிலிருந்து சரியும் பனி விழும் இடத்தில் ரெகுலேட்டர் இருந்தால், அதற்கு மேலே ஒரு மறைப்புப் போடச் சொல்லுங்கள். கடும் குளிரில் திரவம் மெதுவாகத்தான் வாயுவாகும். டாங்க் கால்வாசியாக இருக்கும்போது இன்னும் மெதுவாக. பிப்ரவரியில் டாங்கைத் தீரவிடாதீர்கள். தீர்ந்துவிட்டால் நிரப்பியதும் நீங்களே பற்றவைக்காமல், கசிவுச் சோதனை செய்ய ஆள் வரும் வரை பொறுக்க வேண்டும். டாங்கை முழுதாக நிரப்ப மாட்டார்கள், 80 சதவீதம் வரைதான். வெயிலில் திரவம் விரிய இடம் வேண்டும். அதை லாரிக்காரர் ஏமாற்றுகிறார் என்று நண்பர் நினைத்திருந்தார்.

முதல்முறை நிரப்பும் முன் புரொப்பேன் கம்பெனி வீட்டுக்குள் இருக்கும் சாதனங்களையும் பார்க்க வேண்டும். நண்பரின் வீட்டில் அந்தப் பார்வை எப்படி நடந்தது, ஃபர்னஸின் கதவு ஏன் திறக்கப்படவில்லை என்பதற்கு இன்றுவரை பதிலில்லை. அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: மாற்றிய லேபிள் எங்கே? கிட்டுடன் வரும் அந்த லேபிளில் எந்த வாயுவுக்கு மாற்றப்பட்டது, எந்தத் தேதி, யார் செய்தது என்று எழுதி ஃபர்னஸில் ஒட்டியிருக்க வேண்டும். டாங்க் நிற்கும் வீட்டில், புதிய ஃபர்னஸில் அந்த லேபிள் இல்லையென்றால், சுடர் எப்படி எரிந்தாலும் சரி, அன்றே ஆள் கூப்பிடுங்கள்.

மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிட்டது. டெக்னீஷியன் லேபிளில் தேதியையும் தன் சான்றிதழ் எண்ணையும் பேனாவால் எழுதி, கதவின் உள்பக்கத்தில் ஒட்டினார். பழைய நான்கு ஜெட்டுகளையும் ஸ்பிரிங்கையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அதற்குப் பக்கத்திலேயே டேப் ஒட்டினார். "எப்பவாவது ரோட்டில பைப் வந்தா தேவைப்படும் அண்ணை. எறிஞ்சுபோடாதேங்கோ." ஃபர்னஸ் எரியத் தொடங்கியது. நண்பர் குனிந்து பார்வைக் கண்ணாடி வழியே நான்கு சுடரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு மேலே போய், படுக்கையறை வாசலில் இருந்த அலாரத்தின் பொத்தானை அழுத்தி, அது கத்துகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார்.